'எக்ஸ்பெல்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

உள்ளே இருக்கும் ஒன்றை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவதுதான் 'எக்ஸ்பெல்'. மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்குவது, ஒரு நாடு வேற்று நாட்டுத் தூதரை வெளியேற்றுவது, நுரையீரல் மூச்சுக்காற்றை வெளியே தள்ளுவது என எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். பற்பசைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: பசை தானாக வருவதில்லை, அமுக்கினால்தான் வருகிறது. அந்த அமுக்கம் இல்லாவிட்டால் இந்தச் சொல் பொருந்தாது.

வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெல்லெரே' என்றால் தள்ளுதல், விரட்டுதல். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் உறவுக்காரர்கள் நிறைய: முன்னே தள்ளினால் 'ப்ரொப்பெல்', எதிர்த்துத் தள்ளினால் 'ரிப்பெல்', ஒரு செயலைச் செய்யும்படி நெருக்கினால் 'கம்பெல்'. சரி, பெயர்ச்சொல் மட்டும் ஏன் 'எக்ஸ்பல்ஷன்' என்று மாறுகிறது? லத்தீனில் 'பெல்லெரே' என்ற வினையின் இறந்தகால வடிவம் 'புல்சுஸ்'. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் நாடித்துடிப்பைக் குறிக்கும் 'பல்ஸ்' பிறந்ததும் அங்கேதான்.

பலர் இதை 'சஸ்பெண்ட்' என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தற்காலிகமாக நிறுத்திவைப்பது, 'எக்ஸ்பெல்' அடியோடு நீக்குவது.