மகன் யெரெவானில் படிக்கிறான், அங்கே அமெரிக்கச் சிப்பாய்கள் வந்துவிட்டார்களாமே?

கேள்வி: என் மகன் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறான். அமெரிக்க வீரர்கள் அந்த நாட்டு ராணுவத்தோடு சேர்ந்து பயிற்சி செய்ததாகவும், இந்தியாவும் ஆயுதம் கொடுத்திருப்பதாகவும் செய்தியில் பார்த்தோம். அவனைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட், "வெளிநாட்டுப் படை உள்ளே வந்தால் சண்டை நிச்சயம். குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் பையன்களையும் பட்டாளத்துக்குக் கூப்பிடுவார்கள். 40,000 ரூபாய் கொடுத்தால் விலக்குக் கடிதம் வாங்கித் தருகிறேன். இல்லையென்றால் ஜார்ஜியாவில் வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாம்" என்கிறார். கூடத் தங்கியிருக்கும் பையனை கியூம்ரியில் இருக்கும் ரஷ்ய முகாமில் உதவியாளர் வேலைக்கு வேறு கூப்பிட்டிருக்கிறார்களாம். மகனைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா?
- ஒரு தாய், நாமக்கல்

பதில்: அம்மா, முதலில் அந்த 40,000 ரூபாயை எடுத்து உள்ளே வையுங்கள். அப்படி ஒரு விலக்குக் கடிதமே கிடையாது. ஆர்மீனியாவில் கட்டாய ராணுவச் சேவை உண்டு, 18 வயது ஆன ஆண்கள் போயே ஆகவேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கு. உங்கள் மகனிடம் இருப்பது மாணவன் என்ற முறையில் கிடைத்த குடியிருப்பு அட்டை. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். அவனைக் கூப்பிடவே சட்டம் இல்லாதபோது எதிலிருந்து விலக்கு வாங்குவது? ஆர்மீனிய எழுத்தில், வட்ட முத்திரை குத்தி ஒரு தாளைக் காட்டுவார். உங்களால் அதைப் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது.

சரி, படைகள் விஷயம். ஆர்மீனியாவில் நிரந்தரமாக முகாம் போட்டிருக்கும் வெளிநாட்டு ராணுவம் ஒன்றே ஒன்றுதான், ரஷ்யா. கியூம்ரியில் 102ஆவது ராணுவத் தளம் என்ற பெயரில் இருக்கிறது. 1995இல் போட்ட ஒப்பந்தத்தை 2010இல் நீட்டித்து, 2044 வரை இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அது நேற்று வந்த படை அல்ல. உங்கள் மகன் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது.

அமெரிக்கர்கள் வருவது பயிற்சிக்கு. 'ஈகிள் பார்ட்னர்' என்று பெயர். 2023 செப்டம்பரில் முதல் தடவை நடந்தபோது வந்த அமெரிக்க வீரர்கள் 85 பேர், ஆர்மீனிய வீரர்கள் 175 பேர். எல்லோரையும் சேர்த்தாலும் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்குக் காணாது. வெளிநாடுகளுக்கு அமைதிப்படையாகப் போகும் ஆர்மீனிய வீரர்களுக்கான பயிற்சி அது. கொசோவோவில் 2004 முதலே மேற்கத்தியப் படைகளோடு ஆர்மீனிய வீரர்கள் வேலை செய்திருக்கிறார்கள், ஆப்கானிஸ்தானிலும் இருந்தார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் நேஷனல் கார்டு என்ற துணைப் படைக்கும் ஆர்மீனிய ராணுவத்துக்கும் 2003இலிருந்து கூட்டு இருக்கிறது. தொலைக்காட்சிக்கு மட்டும்தான் இது புதுச் செய்தி.

அந்த முதல் பயிற்சி செப்டம்பர் 11இல் தொடங்கி 20இல் முடிந்தது. 19ஆம் தேதி, ஆர்மீனியாவோடு நெடுநாள் பகையுள்ள பக்கத்து நாடான அஜர்பைஜான், ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-காராபாக் பகுதி மீது தாக்குதல் தொடுத்தது. ஒரே நாளில் கதை முடிந்து, அடுத்த சில நாட்களில் லட்சம் பேருக்கு மேல் ஆர்மீனியாவுக்குள் ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் அந்த 85 பேரும் பயிற்சி மைதானத்தில்தான் இருந்தார்கள். ஒரு துப்பாக்கி காராபாக் பக்கம் திரும்பவில்லை. பயிற்சி முடிந்ததும் கிளம்பிப் போனார்கள். கூட்டுப் பயிற்சி என்பது, அடி விழுந்தால் நான் வருவேன் என்ற வாக்குறுதி இல்லை. அதனால் அமெரிக்கன் வந்தால் சண்டை வரும் என்பதும் தப்பு, அமெரிக்கன் இருக்கிறான், இனி பயமில்லை என்பதும் தப்பு.

வாக்குறுதி கொடுத்திருந்தது ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பு. ஒருவர் மேல் கை வைத்தால் எல்லோர் மேலும் வைத்தது போல என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஆர்மீனியாவின் சொந்த மண்ணிலேயே, ஜெர்முக் ஊர்ப் பக்கம், அஜர்பைஜானின் குண்டுகள் விழுந்தன. ஆர்மீனியா உதவி கேட்டது. வந்தது பார்வையாளர் குழுதான், படை வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் பிரதமர் பஷின்யான் 2024 பிப்ரவரியில் அந்த அமைப்பில் பங்கெடுப்பதை நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னார். பிரான்சிடம் ரேடாரும் சீசர் பீரங்கியும் வாங்குவதற்கும், நம் நாட்டிடம் ஸ்வாதி ரேடார், பினாகா ராக்கெட், ஆகாஷ் ஏவுகணை வாங்குவதற்கும் பின்னணி அதுதான். நம்பிய கூட்டாளி வரவில்லை, சொந்தமாகச் சரக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர்கள் காசு கொடுத்தார்கள், விற்றவர்கள் அனுப்பினார்கள். இதில் உங்கள் பையன் எங்கே வருகிறான்? எல்லையில் ஜீப்பில் சுற்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களும் ஆயுதமில்லாத கண்காணிப்பாளர்கள்தான்.

இப்போதைய நிலவரம் 2022ஐவிட எவ்வளவோ மேல். 2025 ஆகஸ்ட் 8இல் வாஷிங்டனில் ஆர்மீனியா, அஜர்பைஜான் தலைவர்கள் முன்னிலையில் அமைதி ஒப்பந்த வரைவில் சுருக்கொப்பம் போட்டார்கள், அதாவது முழுக் கையெழுத்துக்கு முந்தைய படி. அதே ஆண்டு ஜூனில் ஈரானில் குண்டு விழுந்தபோது, அங்கே மருத்துவம் படித்த நம் மாணவர்களில் முதல் 110 பேரை எந்த வழியாகக் கூட்டிவந்தார்கள் தெரியுமா? ஆர்மீனியா வழியாக, யெரெவானிலிருந்து விமானத்தில். காராபாக்குக்காக நடந்த 2020 போரிலும், 2022இலும், 2023இலும் யெரெவான் நகரத்தின் மேல் தாக்குதல் நடக்கவில்லை. ஆகவே மகனை இப்போது திரும்பக் கூட்டிவர வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எல்லையோரம். 2023 ஜூனில் யெரஸ்க் என்ற ஊரில் உலோக ஆலை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, வேலை செய்த இரண்டு இந்தியர்கள் காயப்பட்டார்கள். அஜர்பைஜான் நாங்கள் சுடவில்லை என்றது. யார் சுட்டாலும் காயம் காயம்தான். யெரஸ்க் யெரெவானிலிருந்து காரில் ஒரு மணி நேரம். விடுமுறையில் கைச்செலவுக்கு எல்லைப்பக்கம் கட்டுமான வேலை என்று யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

அடுத்தது ஜார்ஜியா. எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது இங்கேதான். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் குறைந்தது 54 மாதப் படிப்பையும் அதற்குப் பின் 12 மாதப் பயிற்சியையும் ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும். நடுவில் மாறினால், பட்டம் கையில் இருந்தும் இங்கே தகுதித் தேர்வு எழுத முடியாமல் போகலாம். மூன்று வருடப் பணமும் மூன்று வருட வயதும் போச்சு. ஏஜென்ட்டுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? நன்றாகத் தெரியும். பழைய கல்லூரியில் சேர்த்ததற்கான கமிஷன் ஏற்கெனவே வந்துவிட்டது. புதுக் கல்லூரியில் சேர்த்தால்தானே அடுத்த கமிஷன்.

இதைச் சொன்னதும் அவர் உக்ரைன் கதையை எடுப்பார். "உக்ரைன் பசங்களுக்கு மாற அனுமதி கொடுத்தார்களே" என்று ஆணையத்தின் அறிவிப்பையே மொபைலில் காட்டுவார். அந்த அறிவிப்பு நிஜம். அதனால் அதில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் வந்தது அது. போரால் படிப்பு நின்றுபோன உக்ரைன் மாணவர்கள், தற்காலிகமாக வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்றது. படிக்கலாம் என்றதே தவிர, மாறலாம் என்று சொல்லவில்லை. பட்டம் கொடுக்க வேண்டியது பழைய உக்ரைன் பல்கலைக்கழகம்தான். சான்றிதழில் அதன் பெயர்தான் இருக்கும். அதாவது கல்லூரி மாறவே இல்லை, பெஞ்ச் மட்டும்தான் மாறியது. ஒரே கல்லூரி என்ற விதியை உடைக்காமல் இருக்கத்தான் இப்படிச் சுற்றி வளைத்தார்கள். அதுவும் உக்ரைன் போருக்காக மட்டும். ஆர்மீனியாவில் வகுப்பு நடக்கிறது, தேர்வு நடக்கிறது, ஆணையம் அந்த நாட்டுக்காக இப்படி எதையும் அறிவிக்கவில்லை. ஏஜென்ட்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஜார்ஜியாவில் படித்து முடித்தால், பட்டத்தில் எந்தக் கல்லூரியின் பெயர் இருக்கும்?" ஜார்ஜியக் கல்லூரியின் பெயர் என்றால் அது மாற்றம், அந்த அறிவிப்பு உக்ரைன் மாணவர்களுக்குக்கூடத் தராத ஒன்று. யெரெவான் கல்லூரியின் பெயர் என்றால், அந்தக் கல்லூரி அதற்குச் சம்மதித்த கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதோடு போனை எடுக்க மாட்டார்.

இந்த ஆட்களை யாரும் கேட்க மாட்டார்களா என்று நினைப்பீர்கள். வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. உரிமம் வேண்டும், கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது. படிப்புக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஒரு அறை, இரண்டு நாற்காலி, சுவரில் உலகப் படம், தீர்ந்தது. புதுச் சட்டம் வருகிறது என்று வரைவு மேல் வரைவாக வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம்மிடம் வந்து அழுகிறவர்களோ வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள்.

இனி கியூம்ரி உதவியாளர் வேலை. உங்கள் கடிதத்திலேயே பெரிய ஆபத்து அந்த ஒரு வரிதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 'ஹெல்பர்', 'செக்யூரிட்டி', சமையல் வேலை என்று சொல்லி இந்திய இளைஞர்களை ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் நிறுத்திய கதை ஊருக்கே தெரியும். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கில் 126 இந்தியர்கள் ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 12 பேர் இறந்துவிட்டார்கள், 16 பேரைக் காணவில்லை. இந்தியர்களை எடுப்பதை 2024 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டோம் என்றது ரஷ்யத் தூதரகம். அப்புறமும் 2025 செப்டம்பரில் அமைச்சகம் மறுபடி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. சி.பி.ஐ. வழக்கே போட்டும் கூப்பிடுகிறவர்கள் நிற்கவில்லை.

கூப்பிட்டவர் நிஜமாகவே கியூம்ரியைத்தான் சொல்கிறாரா, கியூம்ரியைக் காட்டி ரஷ்யாவுக்கு ஏற்றப் பார்க்கிறாரா என்று ஆராயவே வேண்டாம். இரண்டும் வேண்டாம். அந்த முகாம் ஆர்மீனிய மண்ணில் இருந்தாலும் வேலிக்குள் நடப்பது ரஷ்ய ராணுவத்தின் ஆட்சி. 2015 ஜனவரியில் அந்த முகாமின் சிப்பாய் ஒருவர் கியூம்ரியில் ஒரே குடும்பத்தில் ஏழு பேரைக் கொன்றார். அவரை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று ஊரே தெருவில் இறங்கியும், அவரை முகாமுக்குள்ளேயேதான் வைத்திருந்தார்கள். சொந்த நாட்டு மக்கள் கூடிக் கேட்டதற்கே அந்த நிலை என்றால், நாமக்கல்லிலிருந்து போன பையனுக்காக யார் கேட்பார்கள்? ரஷ்ய மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது வேலை ஒப்பந்தமா, பட்டாளத்து ஒப்பந்தமா என்று கையெழுத்துப் போட்டவனுக்கே தெரியாது. குடியுரிமை தருகிறோம் என்பார்கள். விரும்பிப் போய் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அதோடு இந்தியக் குடியுரிமை முடிந்தது, அதன் பிறகு நம் தூதரகமும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. யெரெவானில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, அங்கே பெயரும் போன் நம்பரும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சண்டை வந்தால் கூட்டிவரப் பட்டியல் போடுவது அவர்கள்தான். குடியிருப்பு அட்டையின் காலாவதித் தேதியை அவனே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் புதுப்பிக்கட்டும், ஏஜென்ட் வழியாக வேண்டாம். துருக்கி எல்லையும் அஜர்பைஜான் எல்லையும் மூடிக் கிடக்கின்றன. தரைவழியில் வெளியேற ஜார்ஜியாவும் ஈரானும்தான். கையில் ஒரு விமான டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் இருக்கட்டும். ராணுவ வண்டி, முகாம், எல்லைச் சாவடி எதையும் படமெடுத்துப் போட வேண்டாம்.

கூடத் தங்கியிருக்கும் பையனின் அம்மா நம்பரை மகனிடம் வாங்கி இன்றைக்கே பேசுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டானா என்று முதலில் கேளுங்கள். கொடுத்திருந்தால், திரும்பத் தரும்வரை காத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, மற்றவர் பிடித்துவைத்துக்கொள்ள உரிமை இல்லை. அவன் நேராகத் தூதரகத்துக்குப் போய் எழுதிக்கொடுக்கட்டும். அவன் பெற்றோர் இங்கே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' புகார் இணையதளத்திலும், சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையிலும் புகார் பதியட்டும். இரண்டு இடத்திலும் புகார் எண்ணை வாங்காமல் விடவேண்டாம். எண் இல்லாத புகாரைப் பற்றி அடுத்த வாரம் கேட்டால், "எந்தப் புகார்?" என்பார்கள்.