அழிக்கிற ரப்பர் முதலா, மரம் முதலா?

வணக்கம் ஐயா,

நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் பென்சில் எழுத்தை அழித்துக்கொண்டே கேட்டாள்: “இதுவும் ரப்பர், தாத்தா வெட்டினதும் ரப்பர் மரம். எதிலிருந்து எதுக்குப்பா பேர் வந்துச்சு?” மரத்திலிருந்துதான் என்று சொல்லிவிட்டேன். சரிதானா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

பொருள் மரத்திலிருந்து வந்தது. பெயர் மட்டும் அந்தச் சின்னக் கட்டியிலிருந்து மரத்துக்குப் போனது.

ஆங்கிலத்தில் ‘ரப்’ என்றால் தேய்ப்பது. தேய்க்கிற எதுவும் ரப்பர்தான். துடைக்கும் முரட்டுத் துணிக்குக்கூட முன்பு அந்தப் பெயர் இருந்தது. பென்சில் கோட்டை அழிக்க அந்தக் காலத்தில் ரொட்டித் துண்டைத்தான் வைத்துத் தேய்த்தார்கள். தென்னமெரிக்க மரப்பால் உறைந்த பிசின் ஒன்று பென்சில் கோட்டை அருமையாக அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதினார். பிராணவாயு ஆராய்ச்சியில் பேர்பெற்ற அதே பிரீஸ்ட்லிதான். லண்டனில் எட்வர்ட் நெய்ர்ன் என்பவர் அதை அரை அங்குலக் கட்டிகளாக, ஒன்று மூன்று ஷில்லிங்குக்கு விற்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விலை. ‘இந்தியா ரப்பர்’ என்றும் சொன்னார்கள். அது நம் இந்தியா இல்லை, கொலம்பஸ் காலக் குழப்பத்தில் அமெரிக்கப் பக்கம் ஒட்டிக்கொண்ட ‘இண்டீஸ்’.

மரம் இங்கே மலாயா பக்கம் வந்தது நூறு வருஷம் கழித்து. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது உங்களுக்குப் பக்கத்து ஊரான கோல கங்சாரில் ஊன்றப்பட்டன.

பிரெஞ்சுக்காரர்கள் அமேசான் பக்கத்துப் பேச்சிலிருந்து ‘கவுச்சூக்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ‘அழும் மரம்’ என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். மலாய் மொழியில் கெத்தா. எனக்கு மனசுக்கு நெருக்கம் நம்மவர்கள் வைத்த பெயர்தான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குள் நுழைந்தவர்கள் அதைப் பால் மரம் என்றார்கள். மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சொட்டுவது பால், வெட்டின கோட்டில் உறைந்து கிடப்பது ஒட்டுப்பால், செய்த வேலை பால்வெட்டு. எந்த அகராதியையும் கேட்காமல், கையில் பட்டதை வைத்துச் செய்த சொற்கள். உங்கள் அப்பா வாயிலும் இவைதான் இருந்திருக்கும். மகளுக்கு இவற்றையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோல கங்சாருக்குக் கூட்டிப்போங்கள். மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு பழைய பால் மரம் நிற்கிறது. அந்த ஒன்பதில் ஒன்று என்று சொல்வார்கள்.