கோபத்தில் தள்ளிய பணம்

கேள்வி: நான் ஒன்லைனில் போக்கர் விளையாடுகிறேன். 304 என்ற சீட்டு விளையாட்டில் எங்கள் வட்டாரத்தில் என்னை வெல்பவர்கள் குறைவு. ஆனால் போக்கரில் ஒருவர் எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை உயர்த்திக்கொண்டே இருக்கிறார். ஒருமுறை என் கையில் ஏஸும் குயினும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாகக் குயின், 8, 3. எனக்குக் குயின் சோடி. நடுவில் 900 ரூபாய். அவர் வாயை அடைக்க என்னிடமிருந்த 9,000 ரூபாயையும் தள்ளினேன், விலகிவிட்டார். இன்னொருமுறை மேசையில் மூன்று சீட்டு விரிந்ததும், கையிலுள்ளதோடு சேர்த்து எனக்கு நான்கு ஆட்டின். ஐந்தாவது வந்தால் பெரிய கை. நடுவில் 1,200, அவர் 600 வைத்தார். நான் 8,000 தள்ளினேன். இரண்டு சோடியோடு வந்து வாரிக்கொண்டார். அது வாடகைக்கு வைத்திருந்த பணம். இவரை எவ்வளவு பெரிய பந்தயத்தால் அடக்கலாம்?
(பெயர் வேண்டாம், உவர்மலை, திருகோணமலை)

பதில்: எவ்வளவு வைத்தாலும் அடக்க முடியாது, தம்பி. அடக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தில்தான் அவர் பிழைக்கிறார்.

நீங்கள் வென்றதாக எழுதியிருக்கும் முதல் ஆட்டத்தைப் பற்றியே முதலில் பேச வேண்டும். 900 ரூபாயை எடுக்க 9,000 வைத்தீர்கள். அந்தத் தொகைக்கு யார் வருவார்? கையில் இரண்டு 8 அல்லது இரண்டு 3 உள்ளவர் (மேசையில் உள்ளதோடு மூன்றாகிவிடும்), ஏஸ் சோடி, கிங் சோடி வைத்திருப்பவர். எல்லோரும் உங்களை வெல்பவர்கள். வெறும் கையோடு முழங்கிக்கொண்டிருந்தவர் சேதமில்லாமல் தப்பிவிட்டார். அவரிடமிருந்து பணம் வர வேண்டியதே அந்த வெறும் கைகளிலிருந்துதான். அந்த வழியை நீங்களே அடைத்தீர்கள்.

304இல் ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நான்குக்கும் சேர்த்து 304. எவ்வளவு கோபம் வந்தாலும் அதற்கு மேல் கேட்க இடமில்லை. நீங்கள் ஆடும் எல்லையற்ற போக்கரில் அந்தத் தடுப்பு கிடையாது. தடுப்பை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும்.

கணக்கு கடினமானதில்லை. நடுவில் 1,000 ரூபாய் இருக்கும்போது ஒருவர் 500 வைத்தால், அந்த 500ஐக் கொடுத்து மொத்தம் 2,000 உள்ள பொட்டுக்கு, அதாவது நடுவில் சேரும் பணத்துக்கு, போட்டியிடுகிறீர்கள். நான்கில் ஒரு தடவை வென்றால் நட்டமில்லை. அவர் 1,000 வைத்தால் மூன்றில் ஒரு தடவை வெல்ல வேண்டும். நல்ல கை இல்லாமல் பொய்யாக வைப்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 500 வைத்தால் மூன்றில் ஒரு தடவை, 1,000 வைத்தால் இரண்டில் ஒரு தடவை எதிராளி விலகியாக வேண்டும். சிறிய பந்தயம் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். 900 ரூபாய்ப் பொட்டில் மூன்று சுற்றிலும் பாதிப் பாதியாக வைத்து, எதிராளியும் அதே தொகையை வைத்து ஈடுகொடுத்துக்கொண்டே வந்தால், அது 1,800, 3,600, கடைசியில் 7,200 ஆகிவிடும். நீங்கள் வைப்பது 3,150 மட்டும்.

அடிக்கடி உயர்த்துபவரிடம் பொய்ப் பந்தயத்தைப் பெரும்பாலும் கைவிடுங்கள். நல்ல கை வந்தால் பணம் வைக்காமல் செக் சொல்லி, அவரையே வைக்க விடுங்கள். அல்லது 300 போல வைத்து, அவர் உயர்த்தினால் ஈடுகொடுத்துப் பின்தொடருங்கள். குயின் சோடியோடு கடைசிச் சீட்டுவரை போவது அடக்கமானவரிடம் ஆபத்து. இவரிடம் பல நேரம் அதுதான் சரி. ஆனால் அவர் உண்மையிலேயே அப்படிப்பட்டவரா என்று பாருங்கள். கடைசியில் சீட்டைத் திறக்கும்போது என்ன காட்டினார் என்று உங்கள் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அங்கே அவரிடம் இரண்டு சோடி இருந்தது! ஒரு மணி நேரம் சத்தம் போட்டவர் நல்ல சீட்டு வந்த மனிதராகவும் இருக்கலாம். முடிந்தால் அவருக்கு இடப்பக்க இருக்கையில் அமருங்கள். பெரும்பாலும் அவர் முடிவெடுத்த பிறகே உங்கள் முறை வரும்.

இனி அந்த ஆட்டின் கை. நீங்கள் பார்க்காத 47 சீட்டுகளில் ஒன்பது ஆட்டின். அடுத்த சீட்டிலேயே வர ஏறக்குறைய 19 வீதம், மேசைக்கு இன்னும் வரவிருக்கும் இரண்டு சீட்டுக்குள் வர 35 வீதம். 600 கொடுத்து 2,400 பொட்டில் நிற்க 25 வீதம் வேண்டும். ஆட்டின் விழுந்த பிறகும் பணத்தைக் கொட்டுபவர் அவர். அதையும் சேர்த்தால் 600ஐக் கொடுத்து அடுத்த சீட்டைப் பார்ப்பதே நியாயமான முடிவு. 8,000 தள்ளியது சரியாக வேண்டுமானால், பாதிக்கும் மேற்பட்ட தடவை அவர் விலக வேண்டும். விலகுபவராக இருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஏன் தள்ளினீர்கள் என்பதற்குக் காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். வாடகைப் பணம் மேசையில் கிடக்கும்போது இன்னும் இரண்டு சீட்டுவரை பொறுத்திருக்க மனம் தாங்காது. எப்படியாவது இப்போதே முடியட்டும் என்று கை தள்ளிவிடும். அவர் உங்களிடம் விலைக்கு வாங்குவது அந்தப் பதற்றத்தைத்தான். ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப் போல இருபது, முப்பது மடங்காவது, போனாலும் வீட்டைத் தொடாத பணமாகத் தனியே இருந்தால் மட்டும் அந்த மேசையில் அமருங்கள். இல்லாவிட்டால் இந்த மாதம் கணக்கை மூடிவிட்டு வீட்டுக்காரரிடம் போய்த் தவணை கேளுங்கள். அந்த 8,000ஐ அதே மேசையில் மீட்கப் போகாதீர்கள்.