திருகோணமலையில் ரோசா வளருமா? கன்று வாங்குமுன் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை நகரை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் எங்கள் வீடு உள்ளது. நுவரெலியாவிலிருந்து வந்த ரோசாக் கன்றுகளை இரண்டு தடவை வாங்கி நட்டோம். இரண்டு தடவையும் இரண்டு மாதத்துக்குள் பட்டுப்போயின. எங்கள் மண்ணில் ரோசா வராதா? எந்தக் கன்றை, எப்போது வாங்க வேண்டும்?

பதில்: ரோசா வரும். ஆனால் நீங்கள் குறை கண்டுபிடிக்க வேண்டியது மண்ணில் அன்று. நான் உப்புவெளியில் 12 ஆண்டுகளாக ரோசா வளர்த்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் வாங்கிய கன்றுகளில் பெரும்பாலானவற்றைச் சாகக் கொடுத்த பிறகுதான் இதை உறுதியாகச் சொல்லும் நிலைக்கு வந்தேன்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். எங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. மாரி முடிந்த கையோடு இனித்துக் கிடக்கும் கிணறு, ஆடி ஆவணியில் நீர்மட்டம் இறங்க இறங்கச் சவர்க்கத் தொடங்கும். தென்னையும் முருங்கையும் அதைப் பொறுத்துக்கொள்ளும், ரோசா பொறுக்காது. முதிர்ந்த இலைகளின் விளிம்பு தீய்ந்தாற்போலப் பழுப்பாகி, அந்தத் தீய்வு உள்நோக்கி நகர்ந்தால், பலர் நினைப்பதுபோல அது தண்ணீர் போதாமையால் வருவது மட்டுமன்று. உப்பு நீரை மேலும் மேலும் ஊற்றியதாலும் வரும். ஆகவே கன்று வாங்குவதற்கு முன் வைகாசியில் ஒரு தடவையும் ஆவணியில் ஒரு தடவையும் உங்கள் கிணற்று நீரை நாவில் வைத்துப் பாருங்கள். சவர் தட்டினால், கந்தளாய்க் குளத்திலிருந்து குழாய்வழி வரும் நீரை ரோசாவுக்கென ஒதுக்குங்கள். கார்த்திகை, மார்கழி மழையைத் தொட்டியில் பிடித்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. குழாய் நீர் வராத நாட்களில் கிணற்று நீரை ஊற்ற நேர்ந்தால், அடுத்த தடவை நல்ல நீரை நிறைய ஊற்றி, தேங்கிய உப்பு வேருக்குக் கீழே இறங்கும்படி செய்ய வேண்டும். பூச்சாடியில் நட்டவர்கள் அடியிலுள்ள துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

இனி மலைநாட்டுக் கன்றுக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பகலிலும் சட்டைக்கு மேல் கம்பளி போட வேண்டியிருக்கும். அந்தக் குளிரில் கோவா அளவுக்குப் பூத்து நிற்கும் கன்றை லொறியில் ஏற்றி ஒரே இரவில் இங்கே இறக்கினால், அது அடுத்த பகலில் 33 பாகை வெயிலைச் சந்திக்கிறது. இதைவிடவும் பெரிய கேடு வேர்க்கட்டியில் இருக்கிறது. அந்தக் கறுத்த மண் ஒரு தடவை காய்ந்துவிட்டால் மறுபடி நீரை எளிதில் உறிஞ்சாது. நான் திருவிழாக் கடையொன்றில் வாங்கி நட்ட ஏழு கன்றுகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். சுற்றியிருந்த மணல் நன்றாகவே நனைந்தது. ஐந்து கன்றுகள் செத்தன. செத்தவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர்க்கட்டியின் நடுப்பகுதி மாத்தூள்போல உலர்ந்திருந்தது. அன்றுமுதல் வாங்கி வந்த கன்றைப் பையோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து, பத்து நாள் மர நிழலில் விட்டு, பிறகுதான் வெளிமண்ணை விரலால் சற்றே உதிர்த்து நடுகிறேன்.

எஞ்சிய இரண்டில் ஒன்றின் கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து, வேலியைத் தாண்டி நீண்ட கொடிகளை விட்டது. மூன்று ஆண்டுகள் எருப்போட்டும் ஒரு மொட்டுக்கூட வரவில்லை. ஒட்டுக்கட்டிய மேல்பகுதி எப்போதோ பட்டுப்போய், கீழிருந்த காட்டு ரோசா தளிர்த்திருக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆகவே ஒட்டுக்கன்று வாங்குபவர்கள் ஒட்டின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கடையிலேயே பார்த்துக்கொண்டு, அதற்குக் கீழே வரும் தளிர்களை அவ்வப்போது கிள்ளாமல், அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும். அத்தகைய தளிரின் இலைக்காம்பில் பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது சிற்றிலைகள் இருக்கும்; ஆயினும் இலையை எண்ணுவதைவிடத் தளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே பிழையில்லாத வழி.

எதை வாங்குவது என்பதற்கு என் விடை சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உங்கள் ஒழுங்கையில், கோயிலுக்குப் பூக்கொய்யும் வீடொன்றில், ஆண்டுக்கணக்காக நிற்கும் இளஞ்சிவப்பு நாட்டு ரோசா ஒன்று அநேகமாக இருக்கும். அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு தடி கேளுங்கள். ஐரோப்பாவின் பழைய ரோசாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறையே பூத்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோசாக்கள் அங்கே போய்க் கலந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் இனங்கள் பெருகின. அந்தச் சீன வழி வந்த, சிறிய பூவுடைய வகைகள் எங்கள் வெப்பத்தை நன்றாகவே தாங்குகின்றன. பென்சில் பருமனும் ஆறு முதல் எட்டு அங்குல நீளமும் கொண்ட தடியை மார்கழி, தையில் வெட்டி, மணலும் தும்புத் தூளும் கலந்த சாடியில் நிழலில் ஊன்றினால், பத்தில் ஐந்தாறு எனக்கு வேர்விடுகின்றன. தும்புத் தூளை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்; உப்புநீரில் ஊறிய பொச்சுமட்டையின் தூளானால் நீங்கள் தவிர்க்க நினைத்த உப்பை நீங்களே கொண்டுவந்து கொட்டியதாகிவிடும். தடியில் வளர்ந்த செடிக்கு ஒட்டு இல்லை. மேல்பகுதி பட்டாலும் கீழிருந்து தளிர்ப்பது அதே ரோசாதான்.

பெரிய பூ வேண்டுமென்றே விரும்பினால் ஒட்டுக்கன்று வாங்குங்கள், தவறில்லை. ஆனால் பூவைப் பார்த்து வாங்காதீர்கள். அடியிலிருந்து இரண்டு மூன்று தடித்த கிளைகள் இருக்கின்றனவா, இலையின் பின்புறம் நுண்ணிய வலை தெரிகிறதா என்று பாருங்கள். வலை இருந்தால் அது சிற்றுண்ணி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை என் கணக்கு இது. மாரி ஓய்ந்து ஈரம் நிற்கும் தை மாத நடுவில் நட்டால், கச்சான் காற்று தொடங்கும் முன் கன்றுக்கு மூன்று நான்கு மாதம் வேரூன்றக் கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஆசையோடு வாங்குபவர்களின் கன்றுகள், வேர் பிடிக்குமுன்னரே அந்த வறண்ட மேல்காற்றில் சிக்கிக்கொள்கின்றன. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பதால், வீட்டின் கிழக்குப் பக்கத்தில் நடுவது நல்லது. காலை வெயில் ஐந்தாறு மணிநேரம் கிடைக்கும், பிற்பகலில் வீடே குடைபிடிக்கும். கடலுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: மாரியில் வாடைக்காற்று அதே கிழக்குப் பக்கமாகத்தான் கடலுப்பைக் கொண்டுவரும். மழையே அதைக் கழுவிவிடுவதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. மழையில்லாமல் காற்று மட்டும் அடித்த நாளின் மறுகாலையில் இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுகிறேன்.

கடற்கரை மணலில் இரண்டடிக் கிடங்கு வெட்டி, கன்னியாப் பக்கத்துச் சிவந்த மண்ணும் நன்றாக மக்கிய மாட்டெருவும் சமபங்கு கலந்து நிரப்பினால் போதும். முட்டைக்கோது போடச் சொல்லும் அறிவுரையை இங்கே நான் ஏற்பதில்லை. சிப்பித்தூள் கலந்த மணலில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. அது மிகுந்தால் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்தளிர் வெளிறும். பாலும் சீனியும் கலந்த தேயிலைச் சண்டு எறும்பைத்தான் வளர்க்கும்.

மாரியில் இலை நாள்முழுதும் நனைந்திருப்பதால் கரும்புள்ளி நோய் வந்தே தீரும். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட்டுத் தையில் மூன்றில் ஒருபங்கு கிளையை வெட்டிவிடுகிறேன். ஆறேழு வாரத்தில், மாசி கடைசி அளவில், ஆண்டின் நல்ல பூக்கள் வருகின்றன. ஆனி, ஆடியில் வரும் பூக்கள் பாதி அளவாகவும் இதழ் குறைந்தும் இருக்கும். அப்போது கிளை வெட்டாமலும் பசளை போடாமலும், அடியில் வைக்கோல் பரப்பி, விடியற்காலையில் வேருக்கு மட்டும் நீர்விட்டுச் செடியை அதன்போக்கில் விட்டுவிடுங்கள். இப்போது உங்களிடம் வெற்றுச் சாடிகள்தான் இருக்கின்றன என்றால், இந்த ஆண்டு இரண்டு கன்றுகளுக்கு மேல் வாங்க வேண்டாம்.