முதலில் பேச்சைப் பதிவுசெய்யுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட அயர்லாந்தில் அல்ஸ்டர் ஸ்காட்ஸ் என்ற மொழியின் வளர்ச்சிக்கென்றே ஓர் அரசு முகமை இருப்பதாகப் படித்தேன். ஆங்கிலத்தின் கொச்சை வடிவத்துக்கு எதற்கு மக்கள் வரிப்பணம்? ஐரிஷ் மொழிக்குக் கொடுத்ததைச் சமன்கட்டும் அரசியல்தானே? இதனால் மொழி பிழைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த முகமையைப் பற்றி நானும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

கொச்சை என்கிறீர்கள். மொழிகள் மேல் இவ்வளவு ஆர்வம் உள்ளவர் ஒரு மக்களின் பேச்சை இப்படி எட்டி உதைக்கலாமா? 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்திலிருந்து ஆன்ட்ரிம், டவுன், டொனிகால் பக்கம் குடியேறியவர்களோடு வந்தது அது. ஜேம்ஸ் ஓர் என்ற நெசவாளி 1804இல் வெளியிட்ட தொகுப்பில் அந்த மொழிக் கவிதைகள் இருக்கின்றன.

அரசியல் உண்டு, யார் மறுத்தார்கள்? வட அயர்லாந்து மோதலுக்குத் தீர்வாக வந்த 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையின்படி 1999 டிசம்பரில் வடக்கு-தெற்கு மொழி அமைப்பு உருவானது. அதன் ஒரு பாதி இந்த முகமை, மறுபாதி ஐரிஷுக்கான ஃபோரஸ் நா கேல்கே. முகமையின் செலவில் முக்கால் பங்கு பெல்ஃபாஸ்டிலுள்ள வட அயர்லாந்து அரசுடையது, கால் பங்கு டப்ளினிலுள்ள அயர்லாந்துக் குடியரசுடையது. அரசியல் என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சுலபம், எஸ். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள்.

மொழியோடு பண்பாட்டையும் சேர்த்தே முகமையின் தலையில் வைத்திருக்கிறார்கள். இசைக்குழுவுக்கோ நடனத்துக்கோ மானியம் கொடுத்தால் அதே ஆண்டில் மேடையேறிவிடும். மொழி வேலைக்கு அந்த வேகம் கிடையாது. ஆகவே மொழிக்கு ஒரு பெயர்ப்பலகை, ஒரு மொழிபெயர்த்த அரசுத் துண்டறிக்கை போதும் என்றாகிவிடுகிறது. வயல்வெளிப் பேச்சில் நிர்வாகச் சொற்கள் கிடையாது. மொழிபெயர்ப்பவர் புதிதாகக் கட்டுகிறார். வீட்டில் அதைப் பேசி வளர்ந்தவருக்கே அந்தத் துண்டறிக்கை விளங்குவதில்லை.

வட அயர்லாந்தின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அல்ஸ்டர் ஸ்காட்ஸ் ஓரளவேனும் தெரியும் என்றவர்கள் 8.1 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் கேட்டால் புரியும் என்ற அளவோடு நின்றவர்கள். 2021இல் 10.4 ஆனது. இந்த ஏற்றத்தைப் பார்த்து மகிழ்ந்தது போதும். சரளமாகப் பேசும் முதியவர்களின் குரலைப் பதிவுசெய்வதே முதல் செலவாக இருக்க வேண்டும்.

அதற்கும் முறை உண்டு. வெளியூர்க்காரர் கேள்வி கேட்டால் முதியவர் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஒரே ஊர்க்காரர் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஆடு ஈனுவதையோ எரிபொருளுக்காகச் சதுப்புநிலத்தில் பீட் என்னும் கரிமண் வெட்டுவதையோ பேசவிட வேண்டும். ஆளுக்கொரு காலர் மைக், தனித்தனித் தடம். இல்லாவிட்டால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் இடங்களைப் பிரித்தெழுத முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. எம்பி3 ஆகப் பதிவுசெய்தால் உச்சரிப்பாய்வுக்கு வேண்டிய நுணுக்கங்கள் கெடும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பத்து மணி நேரமாவது ஆகும். இரண்டு வரியாக எழுத வேண்டும்: மேலே காதில் விழுந்தபடி, கீழே ஒரே சீரான எழுத்துக்கூட்டலில். எல்லோரும் ஏற்ற எழுத்துக்கூட்டல் இன்னும் இல்லாததால், கீழ்வரியை விட்டுவிட்டால் ஒரே சொல் அகராதியில் நாலு இடத்தில் சிதறும். ஜேம்ஸ் ஃபென்டன் 1995இல் வெளியிட்ட ஆன்ட்ரிம் சொல்தொகுப்பு இன்றும் நிற்பதற்குக் காரணம், பேசுபவர் வாயிலிருந்தே சொற்களை எடுத்ததுதான்.

ஒப்புதல் கையெழுத்தைப் பதிவன்றே வாங்கிவிட வேண்டும். ஆய்வுக்கு, பள்ளிக்கு, இணையத்துக்கு என்று தனித்தனியாக. பேசியவர் காலமானபின் வாரிசுகளைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்கும்வரை அந்த ஒலிப்பதிவு காப்பகத்தில் பூட்டியேதான் கிடக்கும்.