களி உண்டும் கால்சியம் குறைவது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்குத் தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மறுநாளே உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு ஏற்பட்டது. கால்சியம் 7.2 ஆகக் குறைந்துவிட்டது என்று சொல்லி மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். நாள் தவறாமல் கேழ்வரகுக் களி சாப்பிடுகிறவருக்கு, கழுத்தில் செய்த அறுவைச் சிகிச்சையால் கால்சியம் எப்படிக் குறையும்?
- ஒரு வாசகி, குடியாத்தம்.

பதில்: உங்கள் அம்மாவின் உணவில் குறையில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. நம் வட ஆர்க்காட்டு வீடுகளில் களி கிண்டும் பழக்கம் குறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆனால் இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை, தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், அரிசி மணியளவே உள்ள பாராதைராய்டு சுரப்பிகள்தாம். பெரும்பாலோருக்கு இவை நான்கு இருக்கும்.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் கால்சியம் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அது சற்றுக் குறைந்தாலும் இச்சுரப்பிகள் உணர்ந்து, பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. உடலின் கால்சியத்தில் சுமார் 99 விழுக்காட்டைச் சேமித்து வைத்திருக்கும் எலும்பிலிருந்து சிறிது எடுத்துக் கொடுப்பதும், சிறுநீரில் வீணாகாமல் சிறுநீரகத்தைத் தடுக்கச் செய்வதும் அந்த ஹார்மோனின் வேலை. வெயிலால் தோலில் உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலில் ஒருமுறை மாற்றமடைந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. அங்கே அதைக் கால்சிட்ரியால் என்னும் செயல்படும் வடிவத்துக்கு மாற்றத் தூண்டுவதும் இதே ஹார்மோன்தான். கால்சிட்ரியால் இல்லாவிட்டால், குடலுக்கு வந்துசேர்ந்த கால்சியத்தில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

அறுவைச் சிகிச்சையின்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும், இச்சுரப்பிகளுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பாதிக்கப்படலாம். முன்பே சுரந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைப்பதால், ஓரிரு நாளில் கால்சியம் இறங்கி, நரம்புகள் எளிதில் கிளர்ச்சியடைந்து மரமரப்பு தோன்றுகிறது. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது சரியாகிவிடும். தைராய்டில் சுரக்கும் கால்சிடோனின் கால்சியத்தைக் குறைப்பது என்றாலும், மனிதரில் அதன் பங்கு சிறியதே.

மாத்திரைகளுள் கால்சிட்ரியாலும் இருந்தால், களி மட்டும் போதும் என்று அதை நிறுத்திவிடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) எடுத்துக்கொண்டால், கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லையேல் தைராக்சின் சரியாக உறிஞ்சப்படாது. விரல்கள் இழுத்துக்கொண்டு மடங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ அடுத்த மாத்திரை நேரம் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்போது கால்சியத்தை இரத்தக்குழாயில் ஊசி வழியாகத்தான் செலுத்த வேண்டியிருக்கும்.