ஸ்டென்ட், இன்சுலின், இழுப்பு: மலையில் மூன்று மாதம் தங்கலாமா?

கேள்வி: கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் முப்பது வருடமாக இருக்கிறோம். ஹாரன் சத்தத்தில் தூக்கமே இல்லை. கணவருக்கு 66 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின். நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், அம்லோடிபின், மெட்டோபிரலால் சாப்பிடுகிறார். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது இழுப்பு வந்துவிடும், இன்ஹேலர் வைத்திருக்கிறார். இந்த வருடம் பிப்ரவரி முதல் மே வரை கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கலாம், மலைக்காற்று பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நாங்கள் இருவர் மட்டும்தான். போகலாமா? என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போகலாம் அம்மா. ஆனால் மூன்று மாத வாடகையைக் கொடுப்பதற்கு முன் பத்து நாள் மட்டும் போய்த் தங்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பத்து நாளையும் கொடைக்கானலில் வைக்காமல் ஏற்காட்டில் வைப்பேன்.

முதலில் உயரக் கணக்கு. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. காற்றில் ஆக்சிஜனின் அளவு எங்கும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கொடைக்கானலில் அது நம் ஊரில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஏற்காட்டில் ஆறில் ஐந்து பங்கு. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இமயமலைப் பயணங்களில் சொல்லப்படும் உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். உங்கள் கணவருக்கோ இதயம், நுரையீரல் இரண்டிலும் ஏற்கெனவே கோளாறு இருக்கிறது. அதனால் முதல் மூன்று நாள் ஏரியைச் சுற்றி நடப்பது, படி ஏறுவது எதுவும் வேண்டாம். வீட்டைச் சுற்றிச் சமதளத்தில் நடந்தால் போதும்.

உயரத்தைவிட எனக்குக் கவலை தருவது தூரம். இப்போது அவருக்கு நெஞ்சு வலி வந்தால் ஒரு மணி நேரத்தில் தஞ்சை மருத்துவக் கல்லூரியில் இருப்பார். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலுதவி கிடைக்கும். அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்கி மதுரைப் பக்கம்தான் வர வேண்டும், அதற்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். கோடை சீசனில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் இன்னும் கூடும். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மாரடைப்பில் இதயத் தசை நிமிடக் கணக்கில் சாகிறது; இந்த இரண்டு மணி நேர வித்தியாசம் பெரியது. ஏப்ரல், மே இரண்டும் மலையில் கூட்டமான மாதங்கள். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் நடைமுறை 2024 மே மாதம் வந்ததே கூட்டத்தால்தான். பொங்கல் முடிந்து கிளம்பி மார்ச் கடைசியில் இறங்கிவிட்டால் அறுவடைத் தூசியும் தப்பும், சீசன் நெரிசலும் தப்பும். கொல்லிமலை பக்கத்தில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் இவருக்கு வேண்டாம்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு இதய மருத்துவரைப் பாருங்கள். ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் அவசியம். டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று அவர் சொல்வார். வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: நிற்காமல் இரண்டு மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, பேச முடியாத மூச்சிரைப்போ வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எக்கோ கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இழுப்பு எல்லாமே நுரையீரலால் வருவதில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாரா, சாயங்காலம் கால் வீங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அது இதயம் பலவீனப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையான மெட்டோபிரலால் சிலருக்கு இழுப்பைக் கூட்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி வரலாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடவில்லை என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்ளட்டும்.

மலைக்காற்று பட்டு இழுப்பு குறையும் என்று அவர் நம்புவதில் பாதி உண்மை உண்டு. அறுவடை இயந்திரம் கிளப்பும் நெல் தூசியும் வைக்கோல் பூஞ்சையும் இல்லாத இடத்தில் மூச்சு லேசாகத்தான் இருக்கும். பத்தாவது நாள் ‘எனக்குக் குணமாகிவிட்டது’ என்று இன்ஹேலரைப் பெட்டியில் போடுவார். தவறு நடப்பது அங்கேதான். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் மலையிலும் தொடர வேண்டும். குளிர்ந்த காற்றே மூச்சுக்குழாயைச் சுருக்கும். காலை எட்டு மணிக்கு வெயில் வந்த பிறகு, மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். இழுப்பு வந்ததும் அடிக்கும் நிவாரண இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் கிடந்த குப்பி சரியான அளவு மருந்தைத் தள்ளாது. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கிய பிறகு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வழியாக அடிக்க வேண்டும். இழுப்பு கடுமையானால் ஒவ்வொன்றாக 4 முதல் 6 முறை. இருபது நிமிடத்தில் அடங்காவிட்டால் மறுபடி அடித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வீடு பார்க்கும்போது சன்னல் காட்சியைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, ஈர வாடை இருந்தால் பூஞ்சை. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வீடும், தரை விரிப்பும், பழைய கம்பளியும் அவருக்கு ஆகாது. போர்வையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தூங்கும் அறையில் கரி அடுப்போ தணலோ வைக்கவே கூடாது. கதவை அடைத்துவிட்டுக் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையும் கிடையாது, எரிச்சலும் கிடையாது. தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு.

இனி இன்சுலின். காரில் டிக்கியிலும் வேண்டாம், முன்கண்ணாடி அடியிலும் வேண்டாம். கையோடு வரும் பையில் இருக்கட்டும். ஐஸ் கட்டி நேராகப் பட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடும், ஒரு துண்டில் சுற்றி வையுங்கள். மலைக்குப் போனதும் பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜ் கதவில் வைக்கலாம். பிரித்த குப்பி அறையிலேயே ஒரு மாதம் கெடாது. ஹீட்டர் பக்கம் மட்டும் வேண்டாம். பால்போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டிவிட்டு எடுங்கள். உருட்டிய பிறகும் திரியாக மிதந்தாலோ, குப்பியின் உள்சுவரில் பனி படர்ந்ததுபோல் ஒட்டியிருந்தாலோ அது வீண்.

தேவையானதில் ஒன்றரை மடங்கு மருந்தும் ஊசிக்குழலும் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் குப்பி பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசிக்குழல். 100 யூனிட் வகைக்கு ஆரஞ்சு மூடி. புது ஊர்க் கடையில் அவசரத்துக்கு 100 யூனிட் குப்பியை வாங்கி, பழைய சிவப்பு மூடிக் குழலில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரவில் இப்படி நடந்தால் காலையில் எழுப்ப முடியாது. குப்பியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

மலையில் சர்க்கரை இரண்டு பக்கமும் ஆடும். ஏற்றத்தில் நடந்தால் இறங்கும். குளிருக்குச் சூடாக பஜ்ஜியும் நாலு வேளைக் காபியும் சாக்லேட்டும் சேர்ந்தால் ஏறும். முதல் வாரம் தினம் நான்கு முறை பாருங்கள்: காலை வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது. விரல் சில்லென்று இருந்தால் ரத்தம் சொட்டாது. வெந்நீரில் கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். 10 டிகிரிக்குக் கீழே பல சர்க்கரை மீட்டர்கள் பிழை காட்டும். நடக்கப் போகும் நாளில் ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள், உழைக்கும் தசைக்கு மேல் போட்ட இன்சுலின் சீக்கிரம் உறிஞ்சப்படும். படுக்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் படுக்க விடுங்கள்.

மெட்டோபிரலால் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வையை அந்த மாத்திரை மறைக்காது. குளிரில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வேர்த்தால், சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும் அல்லது மாரடைப்பாக இருக்க வேண்டும். இதை நீங்கள் மறக்கவே கூடாது. மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சர்க்கரை சரியாக இருந்தும் வேர்க்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

போகிற வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் ஊசி போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, கொண்டை ஊசி வளைவில் அத்தனையும் வாந்தி எடுத்தால், உள்ளே இன்சுலின் இருக்கும், சோறு இருக்காது. அதனால் மலை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மூன்று இட்லியோடு நிறுத்திக்கொள்ளட்டும். முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பார்வையை வைக்கட்டும், போன் பார்க்க வேண்டாம். வாந்தி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சில வகைகள் சிறுநீரை அடைத்துவிடும்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர்ப் பை, தணல் எல்லாம் ஆபத்து, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குளிக்கும் நீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பக்கு தெரிந்தால், புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். இடுப்பு மடிப்பு, அக்குளில் தேடிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். சரியான மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும்.

கேள்வி முழுவதும் அவரைப் பற்றியே இருக்கிறது. ஊசி போடுவது, மீட்டர் பார்ப்பது, சமைப்பது எல்லாம் நீங்கள்தான் என்று தெரிகிறது. உங்கள் முழங்கால், உங்கள் பிரஷர் என்ன நிலையில் இருக்கின்றன? நீங்கள் படுத்துவிட்டால் அங்கே யார்? தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருக்கும் ஊராகப் பாருங்கள், கும்பகோணம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட வேண்டாம்.

குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் பிரஷர் கூடும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளந்து எழுதி வையுங்கள். அங்கே மருத்துவர் மாத்திரையைக் கூட்டினால், ஊர் திரும்பும்போது அதை மறந்துவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் அதே மாத்திரை பிரஷரை இறக்கித் தலைசுற்ற வைக்கும். இறங்கி வந்த மூன்றாம் நாள், உட்கார்ந்தும் நின்றும் இரண்டு முறை அளந்து, அந்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள்.